செவ்வியல் அமெரிக்கப் புனைவில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்து நூல்களைப் பற்றிப் பேசுகிறோம்?

நத்தானியல் ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ (1850) தொடங்கி, ஸோரா நீல் ஹர்ஸ்டனின் ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ (1937) வரை. இடையிடையே அதற்கு முந்திய ஓரிரு நூல்களும் வரும். இந்தக் காலத்தின் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல காட்சிகள் தாமாகவே விளங்கும். திருமணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது 1848-ல். அவள் உழைத்துச் சம்பாதித்த கூலியும் அவளுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள 1860 ஆனது. நாடு முழுவதும் பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920-ல்தான்.

புதிதாகப் படிப்பவர் எதில் தொடங்கலாம்?

சிறியதில் தொடங்குங்கள். கேட் ஷோபனின் ‘தி ஸ்டோரி ஆஃப் அன் அவர்’ (1894) ஏறக்குறைய ஆயிரம் சொற்கள்தான். அடுத்து சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (1892), ஆறாயிரம் சொற்கள் இருக்கும். பிறகு ஷோபனின் நாவல் ‘தி அவேக்கனிங்’ (1899). அதில் 39 அத்தியாயங்கள் இருந்தாலும் பல இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். இவற்றை முடித்தவர்களுக்கு ஈடித் வார்ட்டனும் ஹாதார்னும் கடினமாக இருக்காது. ஹென்றி ஜேம்ஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் நீளம், பொறுமை வேண்டும்.

‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ எடுத்தவர்களில் பலர் கதைக்குள் நுழையாமலே மூடிவைப்பதற்குக் காரணம், சுங்கத்துறை அலுவலகத்தைப் பற்றிய அதன் நீண்ட முன்னுரை. முதல் வாசிப்பில் அதைத் தாண்டி, சிறை வாசலில் தொடங்கும் முதல் அத்தியாயத்துக்கே போய்விடலாம். நாவலை முடித்துவிட்டு முன்னுரைக்குத் திரும்பினால் அது வேறு மாதிரி தெரியும்.

பெண் பாத்திரங்கள் எல்லாமே ‘உத்தமி’, ‘கெட்டவள்’ என்ற இரண்டு அச்சில் வார்க்கப்பட்டவைதானே?

அச்சு இருந்தது உண்மை. வரலாற்றாசிரியர் பார்பரா வெல்ட்டர் 1966-ல் எழுதிய கட்டுரையில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கப் பெண்ணிடம் எதிர்பார்க்கப்பட்ட நான்கு குணங்களை வகுத்துக் காட்டினார்: பக்தி, கற்பு, பணிவு, இல்லறப் பற்று. நாவலாசிரியர்கள் இதைக் கூந்தல் நிறத்தில்கூடக் காட்டினார்கள். ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் ‘தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்’ (1826) நாவலில் இரண்டு சகோதரிகள். பொன்னிறக் கூந்தலுள்ள ஆலிஸ் மென்மையானவள், அவளுக்குத் திருமணம் நடக்கும். கருங்கூந்தல் கோரா துணிச்சல்காரி, அறிவாளி. தாய்வழியில் ஆப்பிரிக்க வம்சாவளியும் அவளுக்கு உண்டு. அவள் கொல்லப்படுகிறாள். ஹாதார்னின் ‘தி பிளித்டேல் ரொமான்ஸ்’ (1852) நாவலிலும் அதே பங்கீடுதான். வாதாடும் ஸெனோபியா நீரில் மூழ்கிச் சாகிறாள், எதிர்த்துப் பேசாத பிரிசில்லாவுக்கு வாழ்க்கை கிடைக்கிறது.

ஆனால் நல்ல நாவல்களில் இந்த அச்சு ஏதோ ஓரிடத்தில் விரிசல் விடும். படிப்பவரின் வேலை அந்த விரிசலைக் கண்டுபிடிப்பது. ‘இவள் உத்தமி வகை’ என்று பெயர் சூட்டிவிட்டு நகர்வதோடு அலசல் முடிந்துவிடுவதில்லை.

ஹாதார்ன் ஹெஸ்டர் பிரின்னின் பக்கமா, எதிர்ப் பக்கமா?

‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாயகி ஹெஸ்டரைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நாவலுக்குள் மூன்று குரல்கள் இருக்கின்றன: ஊரின் குரல், கதைசொல்லியின் குரல், ஹெஸ்டரின் செயல்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பதில் கிடைக்காமல் போகிறது.

ஊர் முதலில் வருகிறது. 17-ஆம் நூற்றாண்டு பாஸ்டன். மணத்துக்கு வெளியே பெற்ற மூன்று மாதக் குழந்தையைக் கையில் ஏந்தி ஹெஸ்டர் தண்டனை மேடையில் நிற்கப்போகிறாள். கூடியிருக்கும் பெண்களில் ஒருத்தி, நெற்றியில் சூட்டுக்கோலால் இழுத்திருக்க வேண்டும் என்கிறாள். இன்னொருத்தி, சாக வேண்டியவள் என்கிறாள். குழந்தையைக் கையில் பிடித்திருக்கும் ஓர் இளம் தாய் மட்டும் இரங்கிப் பேசுகிறாள். பெண்களை ஹாதார்ன் ஒரே திரளாகக் காட்டவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹெஸ்டரின் ஊசி. தண்டனையாக அணியச் சொன்ன ‘ஏ’ எழுத்தை (‘அடல்டரி’, அதாவது மணத்துக்கு வெளியே உறவு என்பதன் முதலெழுத்து)ச் சிவப்புத் துணியில், சுற்றிலும் தங்க இழையால் பூவேலை செய்து அணிகிறாள். பிறகு அதே கைவேலைதான் அவளுக்குச் சோறு போடுகிறது. ஆளுநரின் கழுத்துப்பட்டை, படைவீரர்களின் கச்சை, குழந்தையின் குல்லா, பிணத்துக்குப் போர்த்தும் துணி என எல்லாவற்றுக்கும் ஊர் அவளிடம்தான் வருகிறது. மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டுக்கு மட்டும் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அவள் உழைப்பை வாங்கிக்கொண்டு அவளை ஒதுக்கிவைக்கும் ஊரின் கணக்கு இந்த ஒரு விலக்கில் முழுசாகத் தெரிகிறது.

கதைசொல்லியை 13-ஆம் அத்தியாயத்தில் கவனியுங்கள். தனிமையில் ஹெஸ்டர் பெண்குலம் முழுவதையும் பற்றி யோசிக்கிறாள். சமூக அமைப்பையே இடித்துப் புதிதாகக் கட்டினால் ஒழிய விடிவில்லை என்ற அளவுக்கு அந்த யோசனை போகிறது. 1850-ல் அச்சான வரி இது. உடனே கதைசொல்லி குறுக்கிட்டு, இத்தகைய சிக்கல்களைப் பெண் சிந்தித்துத் தீர்க்க முடியாது, இதயம் மேலோங்கினால் அவை தாமாக மறையும் என்கிறார். கொடுத்த கையாலேயே பறித்துக்கொள்கிறார். கடைசி அத்தியாயத்திலும் இப்படித்தான். புதிய உண்மையைச் சொல்ல வரும் பெண் தானாக இருக்கலாம் என்று ஒரு காலத்தில் எண்ணிய ஹெஸ்டர், களங்கப்பட்டவளுக்கு அது கிடைக்காது என்று ஒப்புக்கொண்டதாக எழுதுகிறார்.

அதனால் ஹாதார்னைப் பெண்ணியவாதி என்பதும் தவறு, பெண் வெறுப்பாளர் என்பதும் தவறு. தான் படைத்த பெண்ணின் சிந்தனைக்கு அவரே அஞ்சியிருக்கிறார் என்பதுதான் எங்கள் கணிப்பு. அந்த அச்சம் வரிகளுக்குள் வெளிப்படையாகத் தெரிவதே நாவலின் பலம்.

கதையை யார் சொல்கிறார் என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறொருவர் பார்த்த பெண் என்பதால். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ (1925) நாவலில் டெய்ஸி தன் மகளைப் பற்றி, இந்த உலகத்தில் பெண் அழகான அசடாக இருப்பதே நல்லது என்று சொல்வதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அடுத்த பத்தியை யாரும் காட்டுவதில்லை. அவள் பேசி முடித்ததும் அதில் உண்மை இல்லை என்று கதைசொல்லி நிக் நினைக்கிறான். அவள் சொன்னது வேதனையா, நாடகமா? நிக்கின் காதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை. அவளுடைய கல்யாணத்துக்கு முந்திய நாள் கதையும் அப்படித்தான். மூன்றரை லட்சம் டாலர் முத்துமாலை, கையில் கசங்கிய கடிதம், குடிபோதை, எல்லாமே அவள் தோழி ஜோர்டன் சொல்லி நிக் கேட்டது. டெய்ஸி தன் வாயால் எதையும் சொல்வதில்லை.

வில்லியம் ஃபாக்னர் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ (1929) முழுக்க கேடி என்ற பெண்ணைச் சுற்றியே நகர்கிறது. ஆனால் மூன்று பகுதிகளை அவளுடைய மூன்று சகோதரர்கள் சொல்கிறார்கள், நான்காவது படர்க்கையில் வருகிறது. கேடிக்கு ஒரு பகுதி கிடையாது. ‘ஆஸ் ஐ லே டையிங்’ (1930) நாவலில் 59 சிறு பகுதிகள், 15 பேர் பேசுகிறார்கள். தாய் ஆடிக்கு ஒரே ஒரு பகுதி, அதுவும் அவள் இறந்த பிறகு. அந்த ஒன்றைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். மற்ற 58-ம் அதற்குப் பிறகு மாறிவிடும்.

இந்த நாவல்களில் பணம் ஏன் இவ்வளவு அடிபடுகிறது?

பெண்ணுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பணம்தான் தீர்மானித்தது. நல்ல ஆசிரியர்கள் அதைத் தொகையோடு எழுதினார்கள். நீங்களும் ஒரு தாளில் தொகைகளைக் குறித்துக்கொண்டே படியுங்கள்.

தியோடர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’ (1900) இதற்கு நல்ல பயிற்சி. 18 வயது கேரி சிகாகோவுக்கு ரயிலேறும்போது கையில் 4 டாலர். செருப்புத் தொழிற்சாலையில் வாரக் கூலி நாலரை டாலர். தங்கியிருக்கும் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் 4 டாலர் கொடுக்க வேண்டும். மீதி அரை டாலர். டிராம் கட்டணம் அதிலிருந்து போக வேண்டும், குளிருக்கு உடுப்பும் அதில்தான் வாங்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் படுத்ததும் வேலையும் போய்விடுகிறது. அப்போது துரூவே என்ற விற்பனைப் பிரதிநிதி அவள் கையில் இரண்டு பத்து டாலர் நோட்டுகளைத் திணிக்கிறான். ஐந்து மாதக் கூலியில் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவதைவிட அதிகம் அது. ‘அவள் ஏன் வழிதவறினாள்’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். முதல் பக்கங்களில் டிரைசரின் கதைசொல்லி, வீட்டைவிட்டு வரும் பெண் ஒன்று நல்ல கைகளில் சேர்வாள், இல்லையேல் கெட்டுப்போவாள் என்று சூத்திரம் சொல்கிறார். கதையோ அந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கேரி நியூயார்க் மேடையில் வாரம் 150 டாலர் வாங்கும் நடிகையாகிறாள். தண்டனை வரவில்லை, நிறைவும் வரவில்லை.

ஈடித் வார்ட்டனின் ‘தி ஹவுஸ் ஆஃப் மிர்த்’ (1905) மேல்தட்டுக் கணக்கு. லில்லி பார்ட்டுக்கு வயது 29, மணமாகவில்லை, போதிய சொந்த வருமானம் இல்லை. சீட்டாட்டத்தில் ஒரே இரவில் 300 டாலர் தோற்கிறாள். தோழியின் கணவன் டிரெனர் அவள் பணத்தை முதலீடு செய்து பெருக்கித் தருவதாகச் சொல்லி 9,000 டாலர் வரை கொடுக்கிறான். அது அவன் பணமே என்பதும், அதற்கு என்ன எதிர்பார்க்கிறான் என்பதும் பிறகு தெரிகிறது. அத்தையின் சொத்து தனக்கு வரும் என்று நம்பியிருந்தவளுக்கு உயிலில் 10,000 மட்டும். கடனை அடைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவள் அடைக்கிறாள். வார்ட்டனுக்கு இந்த உலகம் உள்ளும் புறமும் தெரியும். தொப்பி தைக்கும் கடையில் வேலைக்குச் சேரும் லில்லிக்கு அங்கே தையல் நேராக வருவதில்லை. அலங்காரப் பொருளாக வளர்க்கப்பட்ட கைகள் அவை.

ஹென்றி ஜேம்ஸின் ‘தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’ (1881) தலைகீழ். இசபெல் ஆர்ச்சருக்கு 70,000 பவுண்டு கிடைக்கிறது, அந்தப் பணமே அவளைப் பணத்துக்காக மணக்கும் ஆஸ்மண்டின் வலையில் கொண்டுபோய் விடுகிறது. 42-ஆம் அத்தியாயத்தில் அவள் இரவு முழுக்கக் கணப்பருகே உட்கார்ந்து யோசிக்கிறாள், வெளியே எதுவும் நடப்பதில்லை. இந்த நாவலில் ஓர் அத்தியாயம் மட்டும் படிக்க நேரமிருந்தால் அதைப் படியுங்கள்.

நாயகிகள் ஏன் கடைசியில் செத்துப்போகிறார்கள்?

‘தி அவேக்கனிங்’ நாயகி எட்னா கடலில், லில்லி தூக்கமருந்தில், ஹென்றி ஜேம்ஸின் டெய்ஸி மில்லர் ரோமின் காய்ச்சலில். பட்டியல் நீளம்தான். ஆனால் எல்லா மரணங்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில ஆசிரியர் தரும் தண்டனை. சில, அந்தச் சமூகத்தில் அடுத்த அடி எடுத்துவைக்க இடமில்லை என்ற அறிக்கை. பிரித்தறிய ஒரு வழி உண்டு: மரணத்தை மற்றப் பாத்திரங்கள் எப்படி விளக்குகின்றன என்று பாருங்கள். ‘தி ஸ்டோரி ஆஃப் அன் அவர்’ கதையில் கணவன் ரயில் விபத்தில் இறந்ததாகச் செய்தி வருகிறது. லூயிஸ் அறைக்குள் தனியாக உட்கார்ந்து, தான் இனி சுதந்திரமானவள் என்று உணர்கிறாள். கணவன் உயிரோடு வந்து நிற்கிறான், அவள் விழுந்து இறக்கிறாள். மகிழ்ச்சியால் வந்த மரணம் என்கிறார்கள் மருத்துவர்கள். உண்மை தெரிந்தவர் வாசகர் ஒருவர்தான். அந்த இடைவெளியில் ஷோபனின் தீர்ப்பு இருக்கிறது.

சாகாத நாயகிகளையும் மறக்க வேண்டாம். ஃபேனி ஃபெர்னின் ‘ரூத் ஹால்’ (1855) நாவலில், விதவையான ரூத் எழுதியே பிழைக்கிறாள். முடிவில் அவளுக்கு மறுமணம் நடப்பதில்லை. அவள் கைக்கு வரும் வங்கிப் பங்குப் பத்திரத்தைப் பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள்.

‘தி யெல்லோ வால்பேப்பர்’ பேய்க்கதையா, மருத்துவக் கதையா?

இரண்டும். பிள்ளை பெற்று மனம் சோர்ந்த பெண்ணை மருத்துவரான கணவன் மாடியறையில் ஓய்வில் வைக்கிறான். சன்னலில் கம்பிகள், தரையோடு ஆணியடித்த கட்டில், எழுதத் தடை. இது கற்பனைச் சிகிச்சை அன்று. பிலடெல்பியாவின் நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெய்ர் மிட்செல் கையாண்ட ‘ஓய்வுச் சிகிச்சை’யில் படுக்கை, தனிமை, கொழுக்க உணவு, உடம்பு பிடித்துவிடுதல் எல்லாம் உண்டு. கில்மன் 1887-ல் அவரிடமே சிகிச்சை பெற்றார். பேனாவையும் தூரிகையையும் இனித் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பியதாகப் பின்னாளில் எழுதினார்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று. அதே மிட்செல், 1885-ல் உடல்நலம் குன்றிய ஓவன் விஸ்டரை மேற்கே வயோமிங்குக்குப் போகச் சொன்னார். அந்தப் பயணங்களிலிருந்து பிறந்ததுதான் கௌபாய் நாவல்களுக்கு முன்னோடியான ‘தி வர்ஜினியன்’ (1902). ஆணுக்குத் திறந்த வெளி, பெண்ணுக்குப் பூட்டிய அறை.

கறுப்பினப் பெண்களின் சித்திரிப்பு?

வெள்ளை ஆசிரியர்கள் எழுதியதையும் கறுப்பினப் பெண்கள் தாமே எழுதியதையும் தனித்தனியாகப் படித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ (1852) அடிமை முறைக்கு எதிராக நாட்டையே உலுக்கிய நூல். ஆனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனிக்கட்டிகள் மீது ஓடித் தப்பும் எலைசா வெளிர்நிறத்தவள், கருநிறச் சிறுமி டாப்ஸியோ வேடிக்கைப் பொருள். வாசகரின் இரக்கம் தோலின் நிறத்தைப் பார்த்துப் பங்கிடப்பட்டிருக்கிறது.

ஹாரியட் வில்சனின் ‘அவர் நிக்’ (1859) வேறொன்றைச் சொல்கிறது. அடிமை முறை இல்லாத வடக்கில், ஒரு வெள்ளைக் குடும்பத்தில் வேலைக்கு விடப்பட்ட ஃப்ராடோ என்ற சிறுமியை அடித்து வதைப்பவள் வீட்டு எஜமானி. ‘இல்லறத்தின் தேவதை’ என்று மற்ற நாவல்கள் போற்றிய பெண்ணைச் சமையலறையிலிருந்து பார்த்த சித்திரம் இது. நூறாண்டுக்கும் மேல் மறக்கப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் முயற்சியால் மீண்டும் வந்தது. நெல்லா லார்சனின் ‘பாஸிங்’ (1929) நூலையும் விட்டுவிடாதீர்கள்.

ஹர்ஸ்டனின் நாயகி ஜேனியைப் படிக்கும்போது தலைத்துணியைக் கவனியுங்கள். இரண்டாவது கணவன் ஜோ ஸ்டார்க்ஸ், மற்ற ஆண்கள் அவள் கூந்தலைப் பார்க்கக்கூடாது என்று கடையில் தலைத்துணி கட்டச் சொல்கிறான். அவன் இறந்த அன்று அவள் கண்ணாடி முன் நின்று துணியை அவிழ்க்கிறாள், பார்க்கிறாள், மறுபடி கட்டிக்கொண்டு ஊருக்குச் செய்தி சொல்லப் போகிறாள். சடங்குகள் முடிந்த இரவில் எல்லாத் துணிகளையும் எரிக்கிறாள். ஹெஸ்டர் காட்டுக்குள் குல்லாவைக் கழற்றும் காட்சியோடு இதை வைத்துப் படித்தால் ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும். ஹெஸ்டர் மகளுக்காக மறுபடி கூந்தலை மறைக்க வேண்டியிருக்கிறது. ஜேனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அக்காலத்துப் பெண் எழுத்தாளர்கள் ஏன் பாடத்திட்டங்களில் இல்லாமல் போனார்கள்?

விற்காததால் அல்ல. சூசன் வார்னர், மரியா கம்மின்ஸ் போன்றோரின் நாவல்கள் ஹாதார்னைவிட மிக அதிகமாக விற்றன. அந்த எரிச்சலில்தான் 1855-ல் ஹாதார்ன் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், கிறுக்கித் தள்ளும் பெண்களின் கும்பல் என்று திட்டினார். சில வாரங்களிலேயே, ‘ரூத் ஹால்’ படித்து ரசித்ததாக அதே பதிப்பாளருக்கு எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் விமர்சகர்கள், தனி ஆண் சமூகத்தை விட்டு ஓடும் கதையே அமெரிக்கக் கதை என்று வரையறுத்தார்கள். அந்த வரையறைக்குள் வீடும் அடுப்படியும் வரவில்லை. நைனா பெய்ம் 1981-ல் எழுதிய கட்டுரை இந்த வாதத்தைப் பிரித்து மேய்கிறது. ஷோபனை 1969-ல் பெர் செயர்ஸ்டட் வெளியிட்ட முழுத் தொகுப்பும், கில்மனின் கதையை 1973-ல் வந்த மறுபதிப்பும், ஹர்ஸ்டனை 1975-ல் ஆலிஸ் வாக்கர் எழுதிய கட்டுரையும் மீட்டன.

பெண்களே அதிகம் இல்லாத நாவல்களை என்ன செய்வது?

‘மோபி டிக்’ (1851) போன்றவற்றில் தேடி அலைய வேண்டாம். ஆனால் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெர்ரி ஃபின்’ நாவலின் 11-ஆம் அத்தியாயத்தைக் கட்டாயம் படியுங்கள். ஹக் பெண் வேடத்தில் ஜூடித் லாஃப்டஸ் வீட்டுக்குப் போகிறான். அவள் மூன்று சோதனைகளில் பிடித்துவிடுகிறாள்: நூலை அசையாமல் பிடித்து ஊசியை அதனிடம் கொண்டுபோகிறான், எலியை நோக்கிக் குறிதவறாமல் எறிகிறான், மடியில் விழும் ஈயக்கட்டியைப் பிடிக்க முழங்கால்களைச் சேர்க்கிறான். பாவாடை கட்டிய பெண் மடியை விரிப்பாள். பெண்மை என்பது பழகிப் பழகி உடம்பில் படிவது என்று ட்வைன் சில பத்திகளில் காட்டிவிடுகிறார்.

கட்டுரை எழுதுபவர்கள் வழக்கமாக எங்கே தவறுகிறார்கள்?

பாத்திரத்தின் பேச்சை ஆசிரியரின் கருத்தாக எடுப்பதுதான் முதல் தவறு. ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் டெய்ஸி சொல்லும் வரி இதற்கு உதாரணம். திரைப்படத்தை நம்புவது அடுத்தது. 1995-ல் வந்த ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ படத்தில் காதலர்கள் சேர்ந்து ஊரைவிட்டுப் போகிறார்கள். நாவலில் ஹெஸ்டரின் காதலரான டிம்ஸ்டேல் தண்டனை மேடையில் இறக்கிறார். ‘வலிமையான பெண்’ என்ற சொல்லைக் கட்டுரையில் எங்கும் போடாமல் எழுதிப் பாருங்கள், அவள் என்ன செய்தாள் என்று எழுத வேண்டிய கட்டாயம் தானாக வரும்.

வேலைமுறை எளியது. ஒரு நாவல், ஒரு பெண், மூன்று காட்சிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் யார் பார்க்கிறார்கள், யார் பேசுகிறார்கள், பணம் யாரிடம் இருக்கிறது என்று குறியுங்கள். மூன்றுக்கும் இடையில் எது மாறியது என்பதே உங்கள் வாதம். ‘தி அவேக்கனிங்’ என்றால் இப்படி எடுக்கலாம்: முதல் அத்தியாயத்தில் வெயிலில் கறுத்த எட்னாவைக் கணவன் சேதமான உடைமையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். நடுவில் அவள் தன் சொந்த வருமானத்தில் சிறு வீட்டுக்குக் குடிபோகிறாள். உடனே அவன், பெரிய வீட்டில் மராமத்து நடக்கிறது என்று செய்தித்தாளில் போட்டு ஊர்வாயை அடைக்கிறான்.

எந்தப் பதிப்பைப் படிப்பது?

இதைப் பார்க்காமல் மேற்கோள் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ 1868-69-ல் இரு பாகங்களாக வந்தது. 1880 பதிப்பில் மொழியைச் சீராக்கினார்கள். முதலில் பருத்த தாயாக இருந்த மார்மி உயரமானவளாக, கம்பீரத் தோற்றம் உள்ளவளாக மாறிவிட்டாள். தாயின் சித்திரிப்பைப் பற்றி எழுதுபவருக்கு இது பெரிய வேறுபாடு. ‘தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’ நாவலை 1908-ல் ஜேம்ஸ் திருத்தினார். கடைசி முத்தக் காட்சியில் இசபெல்லின் உடலுணர்வு அந்தத் திருத்தத்தில்தான் விரிவாக வருகிறது. ‘சிஸ்டர் கேரி’க்கு 1900-ஆம் ஆண்டுப் பதிப்பும், கையெழுத்துப் பிரதியிலிருந்து வெட்டுகளை மீட்டு 1981-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வெளியிட்ட பதிப்பும் உண்டு, இரண்டின் முடிவும் ஒன்றல்ல. கட்டுரையின் முதல் மேற்கோளிலேயே பதிப்பின் ஆண்டைக் குறிப்பிட்டுவிடுங்கள்.